பல் படாத எலி மருந்து

முதல் எலி என் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. பரணிலிருந்து தொப்பென்று விழுந்து, காலை உதறி, மூக்கோரம் ரத்தம் கசிய அடங்கிப்போனது. என் வீட்டுக்காரர் முத்துராஜ் அதை வாலைப் பிடித்துத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். அதே கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு மறுபடி சாப்பிட உட்கார்ந்தார்.

"மருந்து வச்சிருக்கேன்ல, அதான் சாகுது. நீ சாப்பிடு," என்றார்.

நான் ஆயக்குடிக்காரி. கொய்யா வாசத்தில் வளர்ந்தவளை மலை உச்சியில் பூண்டு விளையும் ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். இங்கே அடுப்புக்கு மேலே பரண் கட்டி, விதைப்பூண்டைப் புகையில் போட்டு வைப்பார்கள். பரண் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். அதற்கு நான் பழகிவிட்டேன். எலி அதுவாகச் செத்து விழுவதற்குத்தான் இந்த ஊரே பயப்படும்.

அந்தப் பயத்துக்கு ஒரு வழக்கமும் உண்டு. எந்த வீட்டில் எலி தானாக விழுகிறதோ அந்த வீட்டுக்காரர்கள் வாசலில் முள்ளை வெட்டிப் போட்டுத் தாம்பாளத்தைத் தட்ட வேண்டும். சத்தம் கேட்டதும் ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு தோட்டத்துக் குடிசைகளுக்குப் போய்விடும். அம்மன் காலி ஊரைச் சுற்றி வந்து, சாமியாடி உத்தரவு சொல்லும்வரை யாரும் திரும்பக் கூடாது. பிளேக் வந்து பாதி ஊரைக் கொண்டுபோன காலத்தில் பிழைத்தவர்கள் வைத்த ஏற்பாடு இது. மருந்து வைத்துச் செத்த எலிக்கு முள்ளும் கிடையாது, தாம்பாளமும் கிடையாது.

இது மே மாதம். கொடைக்கானலில் அறை கிடைக்காதவர்கள் எங்கள் ஊர்வரை வந்து தங்குகிறார்கள். எங்கள் வீட்டிலும் இரண்டு அறைகளுக்கு டைல்ஸ் ஒட்டி, வெந்நீர் மெஷின் மாட்டி வாடகைக்கு விடுகிறோம். விருந்தாளிகள் முன்பக்கம் நின்று பனியைப் படமெடுப்பார்கள். பின்பக்கம் என் வீட்டுக்காரர் செத்த எலிகளைப் பூண்டுச் சாக்கில் அள்ளிக்கொண்டு ஓடைப் பக்கம் போவார். சாக்கிலிருந்து தெள்ளுப்பூச்சிகள் துள்ளி அவர் கால் மயிரில் ஏறுவதை நானே பார்த்தேன். அந்தச் சாக்கை உதறி மறுபடி பரணடியில் போட்டார். எங்கள் மகள் தமிழ்மதி குளிருக்கு அடுப்படியில் அதன் மேலேதான் படுப்பாள்.

அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நெருப்பாய்க் கொதித்தது. தொடை இடுக்கில் எலுமிச்சை அளவுக்கு நெறி கட்டியிருந்தது. தொட்டால் அலறினாள்.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷர்மிளா பார்த்தார். காலில் சிரங்கு இருந்ததால் அதனால் கட்டிய நெறி என்று மருந்து கொடுத்தார். காய்ச்சல் இறங்கவில்லை. மறுநாள் அவரே வந்து கட்டில் ஓரம் நின்று கேட்டார்.

"உங்க வீட்ல எலி ஏதாவது செத்துச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் முத்துராஜ் முந்திக்கொண்டார். "மருந்து வச்சோங்க மேடம். அதுல நாலஞ்சு செத்துச்சு."

"மருந்து வச்ச பிறகுதான் செத்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஆமாங்க மேடம். சத்தியமா."

டாக்டர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப சரி. தானாச் செத்திருந்தா நான் வேற மாதிரி யோசிக்கணும். எலி செத்துக் குளிர்ந்ததும் அதுமேல இருக்கிற தெள்ளு அடுத்த சூடான உடம்பைத் தேடும். நூறு வருஷத்துக்கு முந்தி பம்பாய்ல கப்பல்ல இறங்கின பிளேக் நோய், ரயில்லயும் தானிய மூட்டையிலயும் ஊர் ஊராப் போச்சு. கேம்ப்புக்குக் கொண்டு போயிருவாங்கன்னு பயந்து ஜனங்க நோயாளியை ஒளிச்சு வச்சாங்க. பிணத்தை வீட்டுக்குள்ளயே புதைச்சாங்க. இப்ப அந்த கேஸே இல்ல. ஆனா காட்டெலிகிட்ட இருந்து அது முழுசாப் போயிருச்சுன்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது."

மாற்றுத் துணி எடுக்க நான் மட்டும் ஊருக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. எங்கே என்று தேடி ஏணியைப் போட்டுப் பரணில் ஏறினேன். பூண்டுக்கு நடுவே எலிகள் வயிறு ஊதிக் கிடந்தன. ஒன்றின் கண்ணில் எறும்பு மொய்த்தது. பக்கத்திலேயே நீல நிறத்தில் எலி மருந்துக் கட்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடையில் வாங்கியபடியே முழுசாக இருந்தது. மற்றவற்றையும் பார்த்தேன். எதிலும் ஒரு பல் படவில்லை.

ஏணியை விட்டு இறங்கினேன். பிறகு அவருக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, ஒரு எலிகூட அந்த மருந்தைக் கடிக்கலையே."

அவர் பதிலுக்குக் காத்திராமல் அடுத்ததைக் கேட்டேன்.

"எலி விழுந்த பெறகுதான் மருந்து வாங்கி வச்சீங்களா?"

"ரூமெல்லாம் புக்காகிக் கெடக்கு சுகன்யா. முள்ளு போட்டா ஊரே காலி பண்ணணும். சீசன் நேரத்துல ஊர் நம்ம மூஞ்சியில துப்பும்."

"ஊரு என்ன துப்புறது? நானே துப்புறேன்," என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. "பெத்த புள்ளை சாகக் கெடக்கு, டாக்டர் மூஞ்சியப் பாத்து சத்தியம் பண்றீங்களே, நீங்கல்லாம் மனுசனா? போனை டாக்டர்கிட்ட குடுங்க. வெரசா!"

டாக்டரிடம் பார்த்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. "இப்பவே ஊசியை மாத்துறேன். பிளட் டெஸ்ட்டுக்கும் அனுப்புறேன். சீக்கிரம் போட்டா கேட்கிற நோய்தாம்மா இது. எலியைத் தொடாதீங்க, எல்லாரும் வீட்டை விட்டு வெளிய வாங்க. ஹெல்த் டீமுக்கு நான் சொல்றேன்," என்றார்.

முன்பக்க அறைகளைத் தட்டி விருந்தாளிகளை வெளியே வரச்சொன்னேன். ஒருவர் செத்த எலியை வீடியோ எடுக்கலாமா என்று கேட்டார். அவர் பையைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தேன். வேலியில் முள்ளை வெட்டி இழுத்து வந்து வாசலில் குறுக்கே போட்டேன். தாம்பாளத்தை எடுத்துக் கை வலிக்கத் தட்டினேன்.

"எங்க வீட்டுல எலி விழுந்துருச்சு! தானா விழுந்துருச்சு!"

எதிர்வீட்டுப் பிச்சையம்மாள் தலைமுடியை முடிந்துகொண்டே ஓடி வந்தாள்.

"அடியே, வாயை மூடு! மருந்து வச்ச எலிக்கு எதுக்குடி தாம்பாளத்தத் தட்டுற?"

"மருந்த எலி தொடவே இல்லக்கா. எம்புருசன் பொய் சொல்லிட்டாரு."

தெருவில் கதவுகள் திறந்தன. திறந்தவர்கள் யாரும் வெளியே வரவில்லை, சண்டைக்கும் வரவில்லை. நிலைப்படியிலேயே நின்று பார்த்தார்கள். மளிகைக்கடை ஞானவேல் மட்டும் முனகினார். "இந்த வாரம் எலி மருந்து வாங்காத வீடே இல்லத்தா. கடையில ஒண்ணுகூட மிச்சமில்ல."

தெருவின் கூரைகளை வரிசையாகப் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் பல் படாத நீலக்கட்டிகள். ஒவ்வொரு பரணுக்கும் அடியில் ஒரு பிள்ளை.

பிச்சையம்மாள் தன் வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். என் கிட்டே வந்தபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

"தமிழ்மதிக்கு எங்கடி நெறி கட்டியிருக்கு?"

"தொடை இடுக்குலக்கா."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"உங்கிட்ட இன்னொரு முள்ளு கெடக்கா?"