இடக்கண்ணில் சந்தனம்

1

இக்கதையை மொரப்பூர் ரயில் நிலையத்தில் ஒருவர் சொல்லக் கேட்டேன் என்று முதலில் எழுதினேன். அவ்வரியை அடித்துவிட்டேன். அப்படி எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எங்கிருந்து வந்ததென்று எழுதவோ கை வரவில்லை. ஆகவே கனிமொழியிடமிருந்து தொடங்குகிறேன்.

கனிமொழி பொறியாளர். வாகனங்களுக்கான மழைமானி ஒன்றைச் சோதிப்பது அவள் பணி. தருமபுரியிலிருந்து அரூர் செல்லும் தனியார் பேருந்து ஒன்றின் கூரைமேல் அது பொருத்தப்பட்டிருந்தது. நாற்புறமும் நான்கு கண்ணாடிக் கண்கள். ஒவ்வொரு கண்ணிலும் விழும் துளிகளை எண்ணி, வண்டியின் வேகத்தால் வரும் பிழையைக் கழித்து, மழை எத்திசையிலிருந்து எவ்வளவு வலுவாக அடிக்கிறதென்று அது குறித்துக்கொள்ளும். ஓட்டுநர் மாரியப்பன் அதனைப் ‘பொட்டி’ என்பார்.

வானம் கறுத்துக்கொண்டு… [இவ்வாறு தொடங்கும் கதைகள் போதும்.]

2

ஆயுத பூசையன்று காலை. ஸ்டீரிங், சக்கரம், டிக்கெட் மெஷின் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்த மாரியப்பன், சந்தனக் கிண்ணத்தைக் கனிமொழியிடம் நீட்டினார்.

“உங்க பொட்டிக்கு நீங்களே வைங்க மேடம். அது மட்டும் மூளியா நின்னா நல்லாவா இருக்கும்?”

“அதுக்குச் சாமி கும்பிடத் தெரியாதுங்கண்ணா.”

“எனக்கு மட்டும் தெரியுமா? எல்லாம் ஒரு பயந்தாங்க.”

சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறியவள், கைக்கு எட்டிய இடக்கண்ணில் சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்தாள். பிறகு துடைத்துவிட எண்ணியிருந்தாள். பொரியும் சுண்டலும் வந்தன; மறந்துபோனாள்.

[சந்தனம் மழையில் கரையாதா என்று கேட்பீர்கள். கரையும். தடிப்பாக அப்பிக் காய்ந்த சந்தனம் கரையக் கால் மணி நேரமாவது ஆகும். இக்கதைக்கு அவ்வளவு போதும்.]

3

மாலை நான்கரைக்கு, பேருந்து மொரப்பூரை நெருங்குகையில் மழை பிடித்தது. கனிமொழி அப்போது வண்டியில் இல்லை.

“ஐயா, ஜன்னல மூடுங்க! எம் பூவெல்லாம் குளிக்குது,” என்றாள் பூக்காரி குள்ளம்மாள், இடப்புற ஜன்னலோரம் இருந்த பெரியவரிடம்.

“ஷட்டர் சிக்கிக்கிச்சும்மா.” பெரியவர் ஓட்டுநரை நோக்கி, “ரயிலப் பிடிக்கணுங்க, கொஞ்சம் அழுத்திப் போங்க,” என்று குரல் கொடுத்தார்.

[இப்பெரியவர் தேவைதானா என்று ஐயமாக இருக்கிறது. திருத்தும்போது நீக்கிவிடலாம்.]

சாய்ந்தடித்த மழையில் இடப்பக்கம் முழுவதும் மறைந்தது. இடச்சக்கரம் தார் விளிம்பை விட்டு இறங்க, பேருந்து பள்ளத்தில் சாய்ந்து நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. குள்ளம்மாளின் மணிக்கட்டு முறிந்தது.

4

பேருந்தின் உரிமையாளர் கிருஷ்ணப்பன், மழைமானியின் பதிவை மேசைமேல் விரித்தார். முன்கண்ணில் வெறும் தூறல். இடக்கண்ணில் சுழி, ஒரு துளிகூட இல்லை. வண்டி சாய்ந்து பத்து நிமிடம் கழித்தே இடக்கண்ணில் பெருமழை.

“எடப்பக்கமிருந்து வாரி அடிச்சுதுங்க,” என்றார் மாரியப்பன். “சைடு கண்ணாடியே தெரியலீங்க.”

“பொட்டிக்குத் தெரியாத மழ உனக்குத் தெரிஞ்சுதா? தூங்கிட்டேன்னு சொல்லுப்பா, ஒத்துக்கறேன்.”

“இருவத்திரண்டு வருசமா ஓட்டறனுங்க.”

“திங்கக்கெழம பத்து மணிக்கு வா. விசாரிச்சுட்டுச் சாவிய வாங்கிக்கறேன்.”

சுழியைக் கண்ட கணமே, மேசையருகே நின்ற கனிமொழிக்கு விளங்கிவிட்டது. சுத்தமாயிருந்த விரல்களைத் துப்பட்டாவில் துடைத்தாள். சொன்னால் இத்தனை மாதச் சோதனை செல்லாது. அவள் வேலையும் போகும். மாரியப்பனுக்கோ அது தோன்றவே இல்லை. பொட்டு வைத்ததால் கேடு வருமென்று நினைக்கக்கூடியவர் அல்லர் அவர்.

5

முடிவு ஒன்று: அவள் உண்மையைச் சொல்கிறாள். “செவனேன்னு பெய்யற மழயச் சந்தனம் நிறுத்திடுச்சா?” என்று கிருஷ்ணப்பன் சிரிக்கிறார். சான்று கரைந்துவிட்டதே! இருவருக்கும் வேலை போகிறது.

முடிவு இரண்டு: அவள் வாய் திறக்கவில்லை. மாரியப்பன் சாவியை வைத்துவிட்டு, “பொட்டியப் பத்திரமாப் பாத்துக்குங்க மேடம்,” என்கிறார். [இதனை எழுதியபின் எனக்குச் சோறு இறங்கவில்லை.]

முடிவு மூன்று: மழை எப்பக்கமிருந்து அடித்ததென்று மேனியால் அறிந்த ஒருவர் விசாரணைக்கு வருகிறார். வந்தால், ‘அழுத்திப் போங்க’ என்றதையும் அவர் சொல்லியாக வேண்டும்…

6

பெரியவரை நீக்கிப் பார்த்தேன். கதை நிற்கவில்லை.

வண்டி சாய்ந்ததும் குள்ளம்மாள், “ஐயா, ஒரு கை குடுங்க,” என்றாள். நான் பின்னால் வந்த ஆட்டோவில் ஏறி ரயிலைப் பிடித்துவிட்டேன். என் சட்டையின் இடப்பாதி பிழியும்படி நனைந்திருந்தது. வலப்பாதியில் ஈரமே இல்லை.

பதிவைப் பற்றியும் விசாரணையைப் பற்றியும் செய்தித்தாளில் படித்தேன். அன்று பேருந்தில் ஏறும்போது, கூரைமேலிருந்த பெட்டியின் இடப்புறத்தில் சந்தனம் கண்டேன். அதை அப்பியவர் யாரென்று அறியேன். கனிமொழி என் கற்பனை. முடிவெடுக்கும் இடத்தில் என்னைத் தவிர வேறொருவரை நிறுத்தவேண்டியிருந்தது. அவளுக்கு நான் கொடுத்த அச்சம் மட்டும் கற்பனை அன்று.

இன்று ஞாயிறு. சட்டை துவைத்து மடிக்கப்பட்டிருக்கிறது. நாளைக் காலை எட்டரைக்குப் பேருந்து உண்டு. கடைசி வாக்கியத்தை மூன்று முறை தொடங்கிவிட்டேன்: பெரியவர் எழுந்து, சட்டையை

நீங்கள் என்றேனும் மொரப்பூர் வழியாக அரூருக்குச் செல்ல நேர்ந்தால், ஓட்டுநர் இருக்கையை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கே மாரியப்பன் இருந்தால், அவ்வாக்கியம் முடிந்தது என்று கொள்க.