ஐந்தாம் எண்

அந்த இசைக்குழுவில் அவளுக்குப் பேர் போஸ்டர். சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்கள், அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியாது. வாசலில், மாடிப்படியில், கழிப்பறைக்குப் போகிற வழியில்கூட அவள் முகம்தான். பெரிய வயலின் மாதிரி மார்பளவு உயரமிருக்கும் செல்லோவைக் கட்டிப்பிடித்துப் பல்லைக் காட்டிக்கொண்டு, 'எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் இசை' என்ற வாசகத்துக்கு மேலே. நாற்பது பேரில் பஸ் டிரைவர் மகள் அவள் ஒருத்திதான். அவள் நிறத்திலும் அவள் ஒருத்திதான். ஒருத்தியை வைத்துக்கொண்டு எத்தனை போட்டோதான் எடுப்பார்களோ, கேமராவுக்கே அலுத்துப்போயிருக்கும்.

உட்காரும் இடம் மட்டும் கடைசி வரிசை, தூணுக்குப் பக்கம்.

புதுமுகத் திட்டத்தில் வந்தவள் அவள். செல்லோ திட்டத்துடையது, பாடமும் திட்டத்துடையது. பதிலுக்கு மாதம் இரண்டு தடவை நன்கொடையாளர்கள் முன்னால் வாசித்து, எழுந்து நின்று, 'ரொம்ப நன்றி' சொல்ல வேண்டும். மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லி அது வாயில் தானாக வரும்.

அப்பாவுக்கு இது பிடிக்கவேயில்லை. "உனக்கு வாசிக்க வருதா, இல்ல பாவம்னு வச்சிருக்காங்களா? அதச் சொல்லு மொதல்ல" என்பார். கெட்ட மனுஷன் இல்லை, மனசில் இருப்பதை அடக்கத் தெரியாதவர். அந்தக் கேள்வி அவளையும்தான் அரித்தது. பதில் கிடைக்க ஒரே வழி, செல்லோக்காரர்களில் முதல் இடமான முதல் நாற்காலிக்கு, திரைக்குப் பின்னாலிருந்து வாசிக்கிற திரைத்தேர்வு.

மேடைக்கு நடுவே கறுப்புத் துணி தொங்கும். அந்தப் பக்கம் நடுவர்கள் மூன்று பேர். வாசிக்கிறவருக்குப் பேர் கிடையாது, எண்தான். நடை சத்தத்தில் ஆள் தெரிந்துவிடும் என்று செருப்பைக்கூட வெளியே கழற்றிவிட வேண்டும். வாயைத் திறந்தால் தேர்வே ரத்து.

அவள் எண் ஐந்து. உட்கார்ந்ததும், அப்பாடா, யாரும் பார்க்கவில்லை என்றிருந்தது. கடைசிச் சுரத்தை வில்லின் நுனிவரை இழுத்து நிறுத்தியபோது, துணிக்கு அந்தப் பக்கம் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது. நன்றாக வாசித்துவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. சந்தோஷத்தில் எழுந்து நின்றாள்.

"ரொம்ப நன்றி."

பாழாய்ப்போன வாய்.

பிறகு துணியை விலக்கிக்கொண்டு தலைமை நடுவர் வந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம பொண்ணா? பயப்படாதேம்மா. நாற்காலி உனக்குத்தான்."

"பேசினா ரத்துன்னு எழுதியிருக்கே சார்."

"அதெல்லாம் மத்தவங்களுக்கு. உன் விஷயத்துல பாத்துக்கலாம்."

"நான் பேசறதுக்கு முன்னாடி எவ்வளவு மார்க் போட்டிருந்தீங்க?"

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். ஐந்தாம் எண்ணுக்கு நேரே காலி. மற்ற இருவர் தாளும் அப்படியே. "முடிச்சப்புறம்தானே போடுவோம்? இதோ" என்று அவள் கண் முன்னாலேயே பத்து என்று எழுதினார்.

"வேற எண்ல மறுபடி வாசிக்கட்டுமா சார்?"

"இனிமே எந்த எண்ல வாசிச்சாலும் நீன்னு தெரிஞ்சிடுமேம்மா" என்றார், அன்பாகத்தான்.

"வேண்டாம்னு சொன்னா?"

"அடுத்த தேர்வு அஞ்சு வருஷம் கழிச்சுதான். அப்ப உனக்கு வயசு தாண்டிடும்."

நாற்காலியை ஏற்றுக்கொள்கிறேன் என்று அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள். வேறு என்ன செய்வாள், சொல்லுங்கள்?

வெளியே அப்பா சீருடையோடு, வண்டி எடுக்க நேரமாகியும் நின்றுகொண்டிருந்தார். கிடைத்துவிட்டது என்றாள்.

"திரைக்குப் பின்னாடிதானே? மொகத்தப் பாக்கலையே?"

"பாக்கலப்பா."

"அப்ப நெசமாவே உனக்கு வருது" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவரை அப்படி அவள் பார்த்ததேயில்லை. நடந்ததைச் சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தாள், முடியவில்லை.

பஸ்ஸில் ஏறின ஒவ்வொருவரிடமும், "எம்பொண்ணு, மூஞ்சி காட்டாம ஜெயிச்சவ" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். சீட்டுக்குப் பின்னால் செல்லோவை அணைத்துப் பிடித்தபடி, கை நீட்டினவர்களுக்கெல்லாம் அவள் கை கொடுத்தாள். வீட்டுக்கு இன்னும் பதினேழு நிறுத்தம் இருந்தது.