வாய் மாறிய கத்தரி

பழம்பொருள் சேகரிப்போர் சங்கத்தின் கண்காட்சி மறுநாள் காலை. வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் நீள மேஜை போட்டு உட்கார்ந்து, வந்த பொருள்களில் எது அசல், எது போலி என்று பிரித்துக்கொண்டிருந்தார் பூதக்கண்ணாடி. சொந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிடுவதில்லை. கழுத்தில் தொங்கும் அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்து அவர் ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு அப்பீலே கிடையாது. அவ்வளவு மரியாதை, அதற்கேற்ற தலைக்கனம்.

தையல்காரியின் முறை வந்தது. துணைக்கு வந்த அக்கா, "அவர் என்ன சொன்னாலும் தலையாட்டிட்டு வந்துடு" என்று காதைக் கடித்தாள்.

தையல்காரி துணிச்சுற்றைப் பிரித்தாள். உள்ளே ஒரு சாணுக்கு மேல் நீளமான இரும்புக் கத்தரி. யாரோ வீட்டைக் காலி செய்தபோது விற்ற தையல் மெஷினை மூன்று மாதத்துக்கு முன் வாங்கினாள். அதன் இழுப்பறைக்குள் துருவேறித் திறக்க முடியாமல் கிடந்தது இது. உப்புத்தாளைக் கிட்டேயே சேர்க்கவில்லை. எண்ணெயில் ஊறவைத்து, இளகிய துருவை மட்டும் மூங்கில் குச்சியால் சுரண்டி, மெல்லிய துணியால் துடைத்தாள். தினமும் அரைமணி. இரும்பின் பழைய கருமை அப்படியே நின்றது. அந்தக் கருமைதான் அதன் வயது. தேய்த்துப் பளபளப்பாக்குகிற ஆட்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

பூதக்கண்ணாடி வலது கையை விட்டுத் திறந்து மூடினார். வளையம் கட்டைவிரலைக் கடித்தது. ஒரு துண்டுத் துணியை வெட்டினார். அது வெட்டுப்படாமல் மடிந்து இரண்டு அலகுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

"ஒட்டுவேலை" என்றார். "எவனோ தெரியாத்தனமா அலகை மாத்திப் பூட்டியிருக்கான். பாரும்மா, வலப்பக்கம் இருக்கவேண்டிய மேல் அலகு இடப்பக்கம் இருக்கு."

பொருளுக்கு முன்னால் வைக்கிற சீட்டிலும் அதையே எழுதினார். அதோடு விட்டிருந்தால் அவள் தலையாட்டியிருப்பாளோ என்னவோ. மனுஷன் நல்லவர், அதுதான் வம்பு. "கவலைப்படாதே, நடு ஆணியைத் தட்டி எடுத்துட்டு நானே சரியா மாட்டித் தர்றேன்" என்று சுத்தியலை எடுத்துவிட்டார்.

தையல்காரி மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டினாள். அந்த ஆணி கத்தரியோடு பிறந்தது. தட்டி எடுத்தால் எடுத்ததுதான்.

"கீழ வைங்க."

"என்னம்மா?"

"சுத்தியலைக் கீழ வைங்கன்னு சொன்னேன்."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அக்கா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "முப்பது வருஷமா பாக்குறவர்டி."

"முப்பது வருஷமும் ஒரே கையாலதானே பாத்திருக்கார்."

கத்தரியை வாங்கி இடது கையை உள்ளே விட்டாள். சின்ன வயதில், அம்மா சொன்னாள் என்று அந்தக் கையை ரிப்பனால் நாற்காலியோடு கட்டிப்போட்டவள் இதே அக்காதான். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே 'பீச்சாங்கை'. அடித்து, திட்டி, எழுதுவதை வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். துணி வெட்டுவதை மட்டும் எவராலும் மாற்ற முடியவில்லை. வலதுகைக் கத்தரியை இடது கையில் பிடித்து, விரல் காய்த்துப்போய் இத்தனை வருஷம் வெட்டிவிட்டாள். இந்தக் கத்தரியில் முதல்முறை கையை விட்டபோது அது எங்கேயும் கடிக்கவில்லை. அன்று மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். எந்தக் காலத்திலோ ஒரு கொல்லர், கையை மாற்றச் சொல்லாமல் கத்தரியை மாற்றிச் செய்து கொடுத்திருக்கிறார்!

"மாத்திப் பூட்டியிருந்தா அலகோட உள்குழி வெளிய வந்திருக்கும். இங்க உள்ளதான் இருக்கு, தடவிப் பாருங்க. வளையம் எந்தப் பக்கம் தேஞ்சிருக்குன்னும் பாருங்க. ஒட்டுவேலை பண்ணினவன் ஆயுசு முழுக்க உக்காந்து தேச்சானா?"

அவர் தடவினார். கண்ணாடியை வைத்துப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

அக்கா தோளில் கிடந்த சால்வையின் ஓரத்தை இழுத்து நீட்டினாள். "இதுல வெட்டிக் காட்டுடி."

"புதுசுக்கா."

"வெட்டுன்னா வெட்டு."

ஒரே வெட்டு. சர்ரென்று நேராகப் போனது. அக்கா வெட்டுப்பட்ட சால்வையைப் பார்க்கவில்லை, தங்கையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூதக்கண்ணாடி பழைய சீட்டைக் கிழித்தார். "இப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்லம்மா" என்று புதுச் சீட்டை எடுத்தார்.

"குடுங்க, நான் எழுதறேன்."

பேனாவை இடது கையில் பிடித்தாள். எழுத்துகள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி ஆடிக்கொண்டு வந்தன.

'இடதுகைக் கத்தரி. அசல். வலதுகைக்காரர்கள் தொடவேண்டாம்.'

"எழுத்து கோணலா இருக்கே. நாளைக்கு ஊரே வந்து பாக்கும். வலது கையால எழுதிடேன்" என்றார் அவர்.

"பாக்கட்டும்" என்று சீட்டைக் கத்தரிக்கு முன்னால் நிமிர்த்தி வைத்தாள்.