சொல்லாமல் வைத்திருந்த வலி

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சரம்மா எதற்கும் பதற மாட்டாள் என்று பேர். கற்றுக்கொள்பவர்கள் லாரிக்கு நேராக வண்டியை விட்டாலும், தன் பக்கத்து பிரேக்கை அமுக்கிவிட்டு, "சரி, கண்ணாடியப் பாருங்க" என்பாள். அப்பேர்ப்பட்டவள் சில வாரங்களாக ஒரு பயத்தை உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள்.

மாதவிலக்கு நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. அதன்பிறகு கணவரோடு சேரும்போதெல்லாம் உள்ளே கீறியது போல எரியும். வயசானால் இப்படித்தான் என்று பல்லைக் கடித்துக்கொள்வாள். போன தடவை இரத்தம் பட்டிருந்தது. அவள் அக்காவைக் கொண்டுபோன கர்ப்பப்பைப் புற்றும் அப்படி ஒரு கறையில்தான் ஆரம்பித்தது. யாரிடமும் மூச்சு விடாமல், முதுகுவலி என்று சொல்லி, கட்டிக்கொடுத்த மகளின் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள்.

ஒருநாள் காலை அவள் வண்டியை எடுத்தபோது, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கணவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"கடையில விட்டுடு."

"கீழ பிரேக் இருக்கு. கால் வைக்காதீங்க."

சிக்னலில் நின்றபோது அவர் முன்னால் பார்த்தபடியே கேட்டார். "வேற யாராவது இருந்தா சொல்லிடு. நான் சத்தம் போட மாட்டேன்."

பச்சை விளக்கு விழுந்தும் வண்டி நகரவில்லை. எடுக்கப் பார்த்தாள், இன்ஜின் அணைந்துபோனது. பின்னால் ஹாரன்கள் அலறின.

"யாரும் இல்லங்க. எனக்கு ரத்தம் பட்டுது. அக்காவுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சோன்னு பயமா இருக்கு."

"ஆஸ்பத்திரிக்கு விடு" என்றார் அவர்.

பெண் டாக்டர் ஸ்கேன் எடுத்து, உள்ளிருந்து துளிச் சதையையும் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை வீட்டில் தட்டு வைக்கும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. கடையில் ஒருவரின் லென்ஸை இன்னொருவர் ஃபிரேமில் மாட்டிக்கொடுத்துத் திட்டு வாங்கினார் கணவர்.

மறுபடி போனபோது டாக்டர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"புத்து இல்ல. கட்டி கிட்டி எதுவும் இல்ல. விலக்கு நின்னதும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைஞ்சிடும். அங்க தோல் மெலிஞ்சு வறண்டு போகும், உரசினா ரத்தம் வரும். நிறைய பேருக்கு இருக்கு, வாயத் திறக்கறதுதான் இல்ல. உள்ள தடவ ஒரு க்ரீம் எழுதித் தர்றேன், சரியாக சில வாரம் ஆகும். ஆனா மறுபடி ரத்தம் பட்டா உடனே வரணும்."

அவள் தயங்கினாள். "பழையபடி..."

"தாராளமா இருக்கலாம். வலிச்சா நிறுத்தச் சொல்லணும். பொறுத்துக்கிட்டுக் கிடக்கக் கூடாது."

வெளியே வந்தவள் படிக்கட்டைத் தாண்டவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றார் அவர்.

"வலிக்குதான்னு நீங்க ஒரு தடவகூடக் கேட்டதில்லயே."

அவர் முகம் செத்துப்போனது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒதுங்கிப் போக, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"தப்புதான்" என்றார். "இனிமே கேக்கறேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இருவரும் மருந்துக் கடையைத் தேடி நடந்தார்கள்.