இருபத்தாறு டிகிரிக்கு ஒரு நட்சத்திரம்

1

இந்தக் கதை திருடியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பெருமாள் கோயிலில் எங்கள் மாடி வீடு சித்திரை வெயிலில் வெந்துகொண்டிருந்தபோது, பழைய ஏசியோடு சேர்த்துக்கொள்கிற ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மலிவாகக் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தேன். சின்ன வெள்ளை டப்பா. அறையின் சூட்டை அளந்து ஏசியை ஏற்றும், இறக்கும். எங்கிருந்தாலும் போனில் பார்க்கலாம். வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளைப் படித்துக்கொண்டே வந்தேன். கல்பாக்கத்திலிருந்து ஒருவர், 'வெப்பநிலையை மிகச் சரியாகக் காட்டுகிறது. ஒரு குறையும் இல்லை' என்று எழுதியிருந்தார். எழுதிவிட்டு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார்.

குறையில்லாத பொருளுக்கு ஏன் ஒரு நட்சத்திரம்? டப்பா வாங்குவதை விட்டுவிட்டுக் கதை எழுத உட்கார்ந்தேன். என் புத்தி அப்படி.

2

முதல் தொடக்கம்: 'கல்பாக்கத்தின் கடற்காற்று மாலையில்...' வேண்டாம். கடற்காற்று வீசினால் ஏசி எதற்கு?

இரண்டாவது: 'முனிசாமி எதையும் அளக்காமல் நம்ப மாட்டார்.' இது நிற்கும். ஆய்வுக்கூடம் ஒன்றில் ஏசி டெக்னீஷியன். கருவிகள் இருக்கும் அறைகளில் மணிக்கொரு முறை டிகிரியைப் பார்த்து, எல்லைக்குள் இருந்தால் நோட்டில் 'நார்மல்' என்று எழுதுவது முப்பது வருட வேலை.

(அந்த மாதிரி இடத்துக்குள் நான் போனதில்லை. நோட்டா, கம்ப்யூட்டரா, தெரியாது. நோட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.)

மனைவி ரேணுகாவுக்கு ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை உண்டு. ஏசியைப் பதினெட்டில் வைப்பாள், பத்து நிமிடத்தில் அணைப்பாள். இதனால் இருவருக்கும் வரும் சண்டை தீரத்தான் தெர்மோஸ்டாட். பதினைந்து நாள் ஆராய்ந்தார். மலிவானதில் சூட்டை அளக்கும் வசதி இல்லை. விலை கூடியது அறையில் ஆள் இருக்கிறாரா என்று கண்டுபிடிக்குமாம். ஆள் இருப்பது எனக்கே தெரியுமே என்று நடுவில் இருந்ததை வாங்கினார். பாதரசத் தெர்மாமீட்டரைப் பக்கத்தில் வைத்து மூன்று நாள் ஒப்பிட்டார். அரை டிகிரிகூட வித்தியாசமில்லை. இருபத்தாறில் நிறுத்தி, ரிமோட்டைப் பீரோவில் வைத்துவிட்டார்.

(இங்கே அவரைக் கொடுமைக்காரராக ஆக்கப் பார்த்தேன். வரவில்லை. ரேணுகா பக்கத்து வீட்டு ஜெனிட்டாவிடம், "எங்க வூட்டுக்காரரு ஆபீஸ்ல இருந்துகினே எனக்கு ஏசி போடுறாரு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.)

3

மே மாதம், மத்தியானம் மூன்று மணி. டீ குடிக்க வெளியே வந்த முனிசாமிக்குப் போன் வந்தது.

"ஏங்க, ரொம்பக் குளுருதுங்க. கை காலெல்லாம் ஒதறுது."

வெளியே நாற்பது டிகிரி. முனிசாமி போனில் அறையைப் பார்த்தார்.

"இருபத்தாறுதான் கீது ரேணு. அதுல எப்டி குளுரும்?"

அவருக்கு டப்பாமேல் சந்தேகம் வந்தது. அலமாரி மேலே இருப்பதால் தப்பாகக் காட்டுகிறதோ என்னவோ, எடுத்துக் கட்டில் தலைமாட்டில் வை என்றார். அவள் எழுந்தாள். ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தாள், இறங்கி வந்து வைத்தாள். பத்து நிமிடம் பொறு என்றார். பொறுத்தாள். அவள் பற்கள் தந்தியடிக்கிற சத்தம் போனில் கேட்டது. இருபத்தாறு புள்ளி ஒன்று.

"மெஷின் கரெக்டாத்தான் கீது. நார்மல். போத்திகினு படு, வந்துர்றேன்."

உண்மையாகவே அவருக்கு நிம்மதியாக இருந்தது. பார்த்துப் பார்த்து வாங்கிய பொருள் பழுதாகவில்லை.

சிறுநீர்ப் பாதையில் கிருமி. அது ரத்தத்தில் கலந்துகொண்டிருந்தது. ஐந்தேமுக்காலுக்கு ஸ்டாஃப் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர் அவளைத் தொட்டார். அறை இருபத்தாறு. அவள் உடம்பு

இந்த வாக்கியத்தை நான்கு முறை எழுதி அடித்துவிட்டேன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். மூணு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா என்று ஆரம்பித்த டாக்டர், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

4

வேறு முடிவுகளும் எழுதினேன். ஒன்றில் ஜெனிட்டா எட்டிப் பார்க்கிறாள், நெற்றியில் கை வைக்கிறாள், ஆட்டோ வருகிறது, ரேணுகா பிழைக்கிறாள். எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. ஆனால் அவள் பிழைத்திருந்தால் அந்த ஒரு நட்சத்திரம் இல்லை. இன்னொன்றில் முனிசாமி விலை கூடியதை வாங்குகிறார். அதுவும் அறையில் ஆள் இருக்கிறார் என்றுதான் சொல்லியிருக்கும். எதை வாங்கினாலும் மூன்று மணி வந்துவிடுகிறது.

(யாரோ விரல் தவறி அழுத்தியதற்கு இவ்வளவு கதையா என்று என் மனைவி கேட்டாள். அவள் சொல்வதுதான் சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.)

5

காரியம் முடிந்து பத்து நாள். டப்பா அவள் வைத்த தலைமாட்டிலேயே இருக்கிறது, அவர் எடுக்கவில்லை. வாங்கிய பொருள் எப்படி இருக்கிறது, மதிப்பிடுங்கள் என்று போனில் கேள்வி வந்தது. பொய் எழுத அவருக்கு வராது. சரியாகக் காட்டுகிறது, குறையில்லை என்று எழுதினார். பிறகு நட்சத்திரம் கேட்டது. அதை அவர் டப்பாவுக்குப் போடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நான் இன்னும் எதுவும் வாங்கவில்லை. அவர் எழுதியதற்குக் கீழே, 'இந்தக் கருத்து உங்களுக்கு உதவியாக இருந்ததா?' என்று கேட்டு, ஆம், இல்லை என இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. இதுவரை ஒருவரும் அழுத்தவில்லை. எனக்குக் கை வரவில்லை, நீங்கள் அழுத்துங்கள்.