ஈயம்

வெள்ளைக் கார் பம்பின் பக்கத்தில் வந்து நின்றதும், எண்ணெய்த் தொட்டியின் சாவியை நீட்டிய கையைத்தான் ஜெயலெட்சுமி முதலில் பார்த்தாள். சுண்டுவிரலில் நீலக்கல் மோதிரம். "அன்லெடட், ஃபுல் டாங்க்" என்று ஈயம் கலக்காத பெட்ரோலை நிரப்பச் சொன்னார் அம்பிகைபாகன். ஜூரு சாலையில் அவள் இப்போது வேலை பார்த்த எண்ணெய் நிலையத்துக்கு அவர் வந்தது அன்றுதான் முதல் தடவை. அவளை நிமிர்ந்து நேராகத்தான் பார்த்தார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு ஹேண்ட்போனில் பேசத் தொடங்கினார். தனக்குக் கீழே இரண்டு வருடம் வேலை பார்த்தவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

புக்கிட் தெங்காவில் அவர் மேனேஜராக இருந்த தொழிற்சாலை, கார் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளைத் தயாரித்தது. தேன்கூடுபோலத் துளைகள் நிறைந்த பீங்கான் கட்டிகளைப் பிளாட்டினம் கரைந்த மஞ்சள் நீரில் முக்கி, உலரவைப்பது ஜெயலெட்சுமியின் வேலை. புகைக்குழாயில் அந்தக் கட்டியைப் பொருத்திவிட்டால் விஷப்புகை அதற்குள்ளேயே மாறி, கெடுதல் குறைந்து வெளியே வரும். "ஊரு காத்து சுத்தமாவுறது நம்ம கையிலதான் இருக்கு" என்று அக்காவிடம் பெருமையடித்திருக்கிறாள். ஆறேழு மாதத்தில் தும்மல் வந்தது. கண் எரிந்தது. பிறகு நெஞ்சுக்குள் விசில் சத்தம். ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சரியாகிவிடும், திங்கட்கிழமை மறுபடி பிடித்துக்கொள்ளும். போகப்போக ஞாயிறும் திங்களும் ஒன்றாகிவிட்டன.

அப்போதுதான் அம்பிகைபாகன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வேலைப் பாடம் சொல்லும்போது தவிர எல்லோரிடமும் ஆங்கிலத்தில் பேசும் மனிதர், அன்று அவளிடம் தமிழில் பேசினார். உட்காரச் சொன்னார். தேநீர் வரவழைத்துத் தன் கையாலேயே அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"பயப்பிடாதையுங்கோ தங்கச்சி. உங்கட வீட்டில ஆருக்காவது இப்பிடி இழுப்பு இருந்ததோ?"

"அம்மாவுக்கு இருந்துச்சு சார். கடைசி காலத்துல."

அடுத்த வாரம் கம்பெனி டாக்டர் முன்னால் அவர் ஆங்கிலத்தில் சொன்னதில் 'ஃபேமிலி ஹிஸ்டரி' என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் அவளுக்குப் புரிந்தன. அவையே போதுமானவையாக இருந்தன. அந்த மஞ்சள் நீருக்கும் இழுப்புக்கும் சம்பந்தமில்லை, பரம்பரை வியாதியை மறைத்து வேலைக்குச் சேர்ந்தவள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேலை போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். அந்தத் தேநீரைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. செத்துப்போன அம்மாவை அவள் வாயாலேயே சாட்சிக்கு அழைத்து வந்துவிட்டார் அந்த மனிதர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரையும் நிற்கவைத்து அவர் சொன்ன பாடம் அவளுக்கு மறக்கவில்லை. "இந்தக் கருவிக்கு ஒரே எதிரி ஈயம். ஈயம் கலந்த எண்ணெயைத் திரும்பத் திரும்ப ஊத்தினாப் போதும், உள்ளுக்கு எல்லாம் செத்துப்போம். வெளியில பார்த்தா ஒண்டும் தெரியாது." எண்ணெய் நிலையங்களில் அப்போது ஈய எண்ணெயும் விற்றார்கள். அந்தக் குழாயின் மூக்கு தடிமன். புது மாதிரிக் கார்களின் வாய்க்குள் அது நுழையாது. அடுத்த முறை அவர் வந்தபோது ஜெயலெட்சுமியிடம் ஒரு புனல் இருந்தது. காரின் பின்பக்கம் குனிந்து, பக்கத்து ஈய எண்ணெய்க் குழாயை எடுத்துப் புனலில் மெதுவாக ஊற்றினாள். அவர் போனில் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டில் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள். தேன்கூட்டின் ஒவ்வொரு துளையிலும் சாம்பல் நிறத்தில் ஈயம் படிவதை நினைத்துப் பார்த்தால் இனித்தது. அவர் அவளுடைய பம்புக்கே வரத் தொடங்கினார். "நீங்கள் நல்ல கவனமா அடிக்கிறீங்கள்" என்று ஒருநாள் பாராட்டவும் செய்தார். "உங்க காருக்குன்னா தனிக் கவனம்தான் சார்" என்றாள். அந்தக் காரின் பின்னால் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள்தானே அந்தப் புகையை இழுப்பார்கள் என்று ஒருமுறை தோன்றியது. தெருவில் ஓடும் பாதி வண்டி ஈய எண்ணெயில்தான் ஓடுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்ன பிறகும் அந்த நினைப்பு முழுதாகப் போகவில்லை. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை.

பிறகு சில வாரம் அவரைக் காணவில்லை. ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வண்டிகள் நெருக்கியடித்த நேரத்தில், அதே வெள்ளைக் கார் வந்து நின்றது. அம்பிகைபாகன் இறங்கி நேராக முதலாளி ஷேக் அலாவுதீனிடம் போனார்.

"கார் இழுக்கேல்ல. புகைக்கருவியைக் கழட்டி அறுத்துப் பார்த்தனான். உள்ளுக்கு முழுக்க ஈயம். நான் வேற எங்கயும் எண்ணெய் அடிக்கிறதில்லை."

ஷேக் அலாவுதீனுக்கு முகம் கறுத்துவிட்டது. "யாரு சார் ஊத்துனது? ஆளைக் காட்டுங்க, இப்பவே அனுப்பிர்றேன்."

அம்பிகைபாகன் திரும்பினார். வெயிலுக்காகப் போட்டிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள் ஜெயலெட்சுமி. பம்பிலிருந்து ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. நெஞ்சிலிருந்து விசில் கிளம்பியது. அவர் பார்வை அவள் முகத்தில் நின்றது, நெஞ்சுக்கு இறங்கியது, மறுபடி முகத்துக்கு வந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த நிமிடத்துக்காகத்தான் அவள் இத்தனை நாள் காத்திருந்தாள். போலீஸோ சண்டையோ எதுவானாலும் வரட்டும்.

"ஆரெண்டு... தெரியேல்ல" என்றார் அம்பிகைபாகன். "விடுங்கோ. ஏதோ தவறா நடந்திருக்கும்." சாவியை எடுத்துக்கொண்டு அவசரமாகக் காரை நோக்கி நடந்தார்.

தன்னைக் காப்பாற்றுகிறாரோ என்று ஒரு கணம் மயங்கினாள். மறுகணமே புரிந்தது. ஆளைக் காட்டினால் காரணத்தையும் சொல்ல வேண்டிவரும்.

"நான்தான் பாய் ஊத்துனேன்!" அவள் குரல் உடைந்து வெளியே வந்தது. "தெரிஞ்சேதான் ஊத்துனேன். வேலைய விட்டு அனுப்புங்க, போலீஸக் கூப்புடுங்க. ஆனா ஏன் ஊத்துனேன்னு மொதல்ல சாரைக் கேளுங்க. தமிழ்லயே சொல்லச் சொல்லுங்க. அவருக்கு நல்லா தெரியும்லா."

ஷேக் அலாவுதீன் அவளைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். அம்பிகைபாகன் கார் கதவில் கை வைத்தபடி நின்றுவிட்டார். டீசல் பம்பில் புக்கிட் தெங்காவிலிருந்து வந்த அவருடைய தொழிற்சாலையின் பஸ் நின்றிருந்தது. உள்ளே நீலச் சட்டைப் பெண்கள். ஒரு ஜன்னல் சறுக்கித் திறந்தது. பின்னால் இன்னொன்று. அவற்றில் ஒன்றிலிருந்து வறட்டு இருமல் கேட்டது, நின்றது, மறுபடி தொடங்கியது. டிரைவர் எஞ்சினை அணைத்தார். பஸ்ஸின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தன.