வெளியூர் ஆட்டம்

அருமைராசாவுக்குக் கனடாவில், மொன்றியல் துறைமுகத்தில் வேலை. மாலையில் பிரெஞ்சு வானொலியில் பேஸ்போல் கேட்பான். மொன்றியல் அணி வெளியூரில் ஆடுவதை ஒரு தடவையாவது பார்க்க ஆசை. வெளியூர் என்றால் பெரும்பாலும் அமெரிக்கா. அகதி வழக்கு முடியும்வரை எல்லை தாண்ட முடியாது.

அந்தக் கோடையில் அணி எல்லைக்கு இப்பால் உள்ள ரொறன்ரோவுக்கு ஆடப் போனது. பெரியம்மா மகன் குணரத்தினம் அங்கே இருந்தார். ஆட்டம் பார்க்க வருவதாகத் தொலைபேசியில் சொன்னான்.

"பந்து விளையாட்டுப் பாக்கவோ வாறாய்?" குணரத்தினம் சிரித்தார். "விளங்குது. போட நல்ல சேட் ஒண்டு கொண்டு வா."

ரொறன்ரோ வந்தவனைச் சனிக்கிழமை காலை குணரத்தினம் ஒரு மாடிக் கட்டடத்துக்குக் கூட்டிப் போனார்.

"எங்கை அண்ணை போறம்?"

"பொம்பிளை பாக்க."

"நான் ஆட்டம் பாக்கவெல்லோ வந்தனான்!"

"கலியாண வயசிலை பந்து பாக்க ஆரும் இவ்வளவு தூரம் வருவானே? வெக்கப்படாதை."

கதவு திறந்தது.

பெண்ணின் தகப்பன் அருளம்பலத்தின் வீடு உறவினரால் நிறைந்திருந்தது. வடை வந்தது. தேநீர் வந்தது. ஆட்டம் ஒரு மணிக்கு. பன்னிரண்டு தாண்டிவிட்டது. அருளம்பலத்தின் மகள் வித்தியாவுடன் பேசும்படி அவனைப் பல்கனிக்கு அனுப்பினார்கள்.

"மணிக்கூட்டையே பாக்கிறியள். என்னைப் பிடிக்கேல்லையோ?"

சொன்னான்.

"பேஸ்போலோ? உண்மையாவோ?"

டிக்கெட்டைக் காட்டினான். அவள் சிரித்தாள். பிறகு உள்ளே இருந்தவர்களைப் பார்த்தாள்.

"நீங்கள் இடையிலை எழும்பிப் போனா, மாப்பிளை ஓடீட்டான் எண்டு ரொறன்ரோ முழுக்கக் கதைக்கும்."

"அப்ப இருக்கிறன்."

டிக்கெட்டைச் சட்டைப் பைக்குள் வைத்தான். அவள் அந்தப் பையைப் பார்த்தாள்.

"வேண்டாம். எனக்குச் சரிவராது எண்டு நான் சொல்லுறன். நான் சொன்னா எனக்குக் குறையில்லை."

"உங்களுக்கு ஏன் கரைச்சல்?"

"இதுக்காக வேலைக்கு லீவு போட்டனான். ஒராளாவது நினைச்சதைப் பாக்கட்டும்."

உள்ளே போய்ச் சொன்னாள். குணரத்தினம் எழுந்தார். அவனைக் காரில் கொண்டுபோய் மைதான வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

ஒன்பது இன்னிங்ஸில் மூன்றாவது நடந்துகொண்டிருந்தது. மொன்றியல்காரன் ஒருவன் பந்தைச் சுவருக்கு அடித்தான். ஓட்டம் வந்தது. அந்த வரிசையில் அருமைராசா மட்டும் எழுந்து கைதட்டினான். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். உட்கார்ந்தான். பக்கத்தில் சொல்ல ஆளில்லை.

அடுத்த இன்னிங்ஸ் தொடங்கும்போது அவன் வெளியே, பொதுத் தொலைபேசியில் நின்றான்.

"அண்ணை, அந்த வீட்டு போன் நம்பரைத் தாங்கோ."

"விசரே உனக்கு? எல்லாற்றை முன்னாலையும் பெட்டை வேண்டாம் எண்டிட்டாள்."

"ஓம். தாங்கோ."

"இன்னும் அவமானப்படப் போறியோ?"

உள்ளே கூட்டம் ஆரவாரித்தது. ரொறன்ரோ அடித்திருக்க வேண்டும். பின்னால் நின்றவரிடம் பேனா கேட்டு வாங்கினான்.

"சொல்லுங்கோ அண்ணை," என்றான்.